நிற்கும் வண்டிக்கு வேண்டிய காற்று

நாகர்கோவிலிலிருந்து கொல்லம் பக்கம் கார் ஓட்டிப் போகிறவர்களுக்குக் கழக்கூட்டம் ஒரு காலத்தில் மூச்சு விடும் இடம். கேசவதாசபுரம், உள்ளூர், ஸ்ரீகாரியம் என்று திருவனந்தபுரத்தின் நெரிசலை ஒவ்வொன்றாகக் கழித்து இந்த முக்குக்கு வந்துவிட்டால் டாப் கியர் போடலாம். அப்போது ஊரின் பெரிய அடையாளம் 1962இல் வந்த சைனிக் பள்ளி. பிறகு 1990இல் டெக்னோபார்க் தொடங்கியது. நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா அது. இன்று எழுபதாயிரம் பேருக்கு மேல் அங்கே வேலை பார்க்கிறார்கள். கோவளம் பக்கமிருந்து வரும் பைபாஸும் நகரத்துக்குள்ளிருந்து வரும் பழைய ரோடும் சேருகிற இடமும் இதுவே. வண்டிகள் வேகம் பிடித்த ஊர், வண்டிகள் நிற்கிற ஊராகிவிட்டது.

காருக்கு ஓடுவதைவிட நிற்பதுதான் கஷ்டம். எரியும் பெட்ரோலின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கு வந்து சேர்கிறது. அறுபதில் ஓடும்போது எதிர்க்காற்றே அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும். ஃபேனுக்கு வேலையே இல்லை. சிக்னலில் நின்றதும் எதிர்க்காற்று போய்விடுகிறது. அப்போது ஃபேன் சுற்றியாக வேண்டும். சுற்றச் சொல்வது யார்? அந்த அதிகாரம் கழக்கூட்டத்து ரோட்டில் ஓடிய வண்டிகளில் கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது.

அம்பாசடரிலும் பத்மினியிலும் அது இன்ஜினிடம் இருந்தது. வாட்டர் பம்பின் முனையில் ஃபேன். கிராங்க் புல்லியிலிருந்து ஒரே பெல்ட் பம்பையும் ஃபேனையும் டைனமோவையும் சேர்த்துச் சுற்றும். இன்ஜின் வேகம் எவ்வளவோ அவ்வளவுதான் ஃபேன் வேகம். நெடுஞ்சாலையில் தேவையே இல்லாதபோது உயிரைக் கொடுத்துச் சுற்றி இன்ஜினின் சக்தியைத் தின்னும். ரயில்வே கேட்டில் நிற்கும்போது, உண்மையிலேயே தேவைப்படும் நேரத்தில், சோம்பிச் சுற்றும். அதனால்தான் பழைய டிரைவர்கள் நெரிசலில் நியூட்ரலில் போட்டு ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே நின்றார்கள். பார்ப்பவர்களுக்கு அவசரக்காரர் போலத் தெரியும். உண்மையில் அவர் ரேடியேட்டருக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

டிக்கியில் தண்ணீர் கேனும் ஒரு ஸ்பேர் பெல்ட்டும் இல்லாமல் அந்த நாளில் யாரும் நீண்ட தூரம் கிளம்பமாட்டார்கள். பெல்ட் அறுந்தால் ஃபேன், பம்ப், சார்ஜிங் மூன்றும் ஒரே நொடியில் போய்விடும். கூலன்ட் என்று தனியாக ஒன்று ஊற்றுகிற வழக்கமும் பரவலாக இல்லை. வழியில் எந்தக் கிணற்றுத் தண்ணீர் கிடைத்ததோ அதுதான். அந்தத் தண்ணீரின் உப்பு படிந்து ரேடியேட்டர் குழாய்கள் அடைத்துக்கொள்ளும். பிறகு அதைக் கழற்றி, பற்றவைக்கிறவரிடம் கொடுத்து, மேல் தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டுக் குத்த வேண்டும். செம்பும் பித்தளையுமாக இருந்த ரேடியேட்டர் என்பதால் அது முடிந்தது. இன்றைய அலுமினிய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியில் யாரும் கம்பி விடுவதில்லை. கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுகிறார்கள்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது இன்ஜின் குறுக்குவாட்டில் திரும்பி உட்கார்ந்திருந்தது. ரேடியேட்டர் முன்னால், புல்லி பக்கவாட்டில். பெல்ட்டால் ஃபேனைச் சுற்ற வழியே இல்லை. எனவே கரண்ட் மோட்டார் வந்தது. தண்ணீரின் சூட்டை உணரும் ஒரு சின்ன ஸ்விட்ச் அதைத் தானாகப் போட்டுத் தானாக நிறுத்தியது. அதிகாரம் இன்ஜினிடமிருந்து இந்தச் சூட்டு ஸ்விட்சிடம் போனது. அம்பாசடர் வைத்திருந்தவர்கள் இதைப் பார்த்துப் பொறாமைப்பட்டதில் ஆச்சரியமில்லை. தங்கள் வண்டிக்கும் அப்படி ஒரு ஃபேன் மாட்டலாமே என்ற ஆசை அங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். வெளிக் கடையில் ஏ.சி. மாட்டிக்கொண்டவர்களுக்கு ஆசை கட்டாயமாகிவிட்டது. ரேடியேட்டருக்கு முன்னால் கன்டென்சர் வந்து மறைத்துக்கொண்டால், நின்ற இடத்தில் வண்டி கொதித்துவிடும்.

அம்பாசடரில் மாருதி ஃபேன் மாட்டுவது என்பது கேட்க எளிது. நாலு போல்ட், இரண்டு வயர். தமிழ்நாட்டில் புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் கடைத்தெருக்களில் கழற்றிய ஃபேன் கிடைக்கும். ஆனால் வேலையின் சூட்சுமம் காற்றில் இல்லை, கரண்டில் இருக்கிறது.

பழைய வண்டிகளில் இருந்த டைனமோவை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல வேகத்தில் போகும்போது அது கொடுப்பது இருபது ஆம்பியர் சொச்சம். ஐடிலில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. சார்ஜ் லைட் எரிந்துகொண்டிருக்கும். கரண்ட் ஃபேனோ பத்துப் பன்னிரண்டு ஆம்பியர் கேட்கும், அதுவும் ஐடிலில்தான் கேட்கும். மழை ராத்திரி, ஹெட்லைட்டும் வைப்பரும் ஓடுகின்றன, முன்னால் லாரி நிற்கிறது என்றால் ஃபேன் முழுக்க முழுக்கப் பேட்டரியைக் குடித்துத்தான் சுற்றும். இன்ஜின் கொதிக்காது. மறுநாள் காலையில் ஸ்டார்ட்தான் ஆகாது. முதலில் ஆல்டர்னேட்டர் மாற்றிக்கொண்டு பிறகு ஃபேன் மாட்டியவர்கள் பிழைத்தார்கள்.

அடுத்தது ஸ்விட்ச். ஆரம்பத்தில் பலர் செய்தது, டாஷ்போர்டின் கீழே ஒரு ஸ்விட்சைத் திருகி, பேட்டரியிலிருந்து வயரை உள்ளே கொண்டுவந்து, மறுபடி வெளியே ஃபேனுக்கு அனுப்புவது. மெல்லிய வயர், கையில் என்ன இருக்கிறதோ அது. ஒரு சதுர மில்லிமீட்டர் வயர் ஐந்து மீட்டர் ஓடினால், பன்னிரண்டு ஆம்பியரில் ஏறக்குறைய ஒரு வோல்ட் வயரிலேயே தொலைந்துவிடும். அந்த ஒரு வோல்ட் எங்கேயும் போகாது, வயரைச் சூடாக்கும். “ஃபேன் நல்லாத்தான் சுத்துது அண்ணே, ஸ்விட்ச்சைத்தான் தொட முடியல” என்று வண்டி திரும்பி வரும். அதோடு, ஸ்விட்ச் போட வேண்டியது டிரைவர். பாட்டுக் கேட்டுக்கொண்டே மறந்துபோனால் மீட்டர் முள் சிவப்பில் போய் நிற்கும்.

இதற்கெல்லாம் மருந்து ரிலே. கட்டைவிரல் அளவு கறுப்புப் பெட்டி, அடியில் நாலு தகடு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் பொடி எழுத்தில் எண்: 30, 85, 86, 87. ஜெர்மானிய தர நிர்ணயத்திலிருந்து வந்த எண்கள். ஆங்கிலம் படிக்காத எலக்ட்ரீஷியனும் இந்த நாலு எண்ணைத் தூக்கத்தில் சொல்வார். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து தடித்த வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ், அங்கிருந்து 30. ஃபேனுக்குப் போவது 87. இக்னிஷனிலிருந்து மெல்லிய வயர் 86க்கு. 85 சூட்டு ஸ்விட்ச் வழியாக எர்த்துக்கு. காயிலுக்குத் தேவை ஒரு ஆம்பியரில் ஆறில் ஒரு பங்கு போல. அதனால் ஸ்விட்சும் சூடாகாது, உள்ளே போகும் வயரும் சூடாகாது. பன்னிரண்டு ஆம்பியரும் போனட்டுக்குள்ளேயே குறுக்கு வழியில் போய்விடும்.

ஃபியூஸைப் பேட்டரிக்குப் பக்கத்தில் வை, ஃபேனுக்குப் பக்கத்தில் வைக்காதே என்பது இந்த வேலையில் நான் முக்கியமாக நினைக்கும் விதி. ஃபியூஸ் காப்பது ஃபேனை அல்ல, வயரை. நடுவில் எங்காவது தகரத்தின் விளிம்பில் வயரின் தோல் உரிந்து பாடியைத் தொட்டால், பேட்டரிக்கும் அந்த இடத்துக்கும் இடையில் ஃபியூஸ் இருந்தால் மட்டுமே பயன். அழகாக வயர் இழுத்து, டேப் சுற்றி, ஃபியூஸை மட்டும் கடைசியில் கொண்டுபோய்ச் செருகிய வண்டிகள் உண்டு.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை. ஃபேனை ஓடவிட்டு, முன் கிரில்லில் ஒரு காகிதத்தைப் பிடிக்க வேண்டும். ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்தால் காகிதம் கிரில்லோடு ஒட்டிக்கொள்ளும். பறந்து விலகினால் வயர் இரண்டும் மாறியிருக்கிறது. இந்த மோட்டாருக்குப் பாசிட்டிவ் நெகட்டிவ் மாறினால் எதிர்ப்பக்கம் சுற்றும். சத்தம் அதேதான், காற்றும் வரும், ஆனால் இன்ஜினின் சூட்டை எதிர்க்காற்றோடு மோதவிடும். நின்றால் பரவாயில்லை, ஓடினால் கொதிக்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. சூட்டு ஸ்விட்சை எத்தனை டிகிரியில் வைப்பது என்பதிலும் ஆசைக்கு அளவு வேண்டும். 82 டிகிரியில் தெர்மோஸ்டாட் திறக்கிற வண்டியில், ‘கூலாக இருக்கட்டும்’ என்று ஸ்விட்சை 75இல் வைத்தால் ஃபேன் நிற்கவே நிற்காது. 92, 93இல் போட்டு 86, 87இல் நிறுத்துவது போதும்.

கழக்கூட்டத்தில் மேம்பாலத் தூண்கள் எழும்பிய வருஷங்களில் இந்த அறிவு எல்லாம் தினசரித் தேவையாக இருந்தது. 2018 கடைசியில் தொடங்கிய வேலை, 2.72 கிலோமீட்டர் நீளம். சாயங்காலம் டெக்னோபார்க் விட்டதும் சர்வீஸ் ரோட்டில் வண்டிகள் ஊர்ந்தன. 2022 இறுதியில் பாலம் திறந்தது. மேலே போகிறவர்கள் இன்று ஊரையே பார்ப்பதில்லை. கீழே ஊருக்குள் திரும்ப வேண்டியவர்கள் நிற்பது தொடர்கிறது. வடக்கே கடம்பாட்டுகோணம் வரை ஆறுவழிப் பணி என்பதால் நெரிசல் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவே.

அந்த நெரிசலில் நிற்கும் இன்றைய கார்களில் ஃபேனுக்கு உத்தரவு போடுவது இன்ஜின் கம்ப்யூட்டர். கூலன்ட் சூடு, ஏ.சி. வாயுவின் அழுத்தம், வண்டியின் வேகம் எல்லாவற்றையும் பார்த்து, பாதி வேகமா முழு வேகமா என்று முடிவுசெய்கிறது. புது வகை ஃபேன்களில் தடித்த வயர் இரண்டோடு ஒரு மெல்லிய வயரும் வரும். அதில் வருவது கரண்ட் அல்ல, கட்டளை. டெஸ்ட் லாம்பை அதில் குத்திப் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஸ்கேனர் வேண்டும். டீசல் இனோவா போன்ற சில வண்டிகள் மட்டும் பழைய வழியை விடவில்லை. அவற்றில் பெல்ட்தான் ஃபேனைச் சுற்றுகிறது, நடுவில் சூட்டுக்கேற்பப் பிடிக்கும் திரவ கிளட்ச் ஒன்று இருக்கிறது.

வெளிக்கடை வயரிங் மீது பயமும் வந்துவிட்டது. 2023 பிப்ரவரியில் கண்ணூரில் ஓடும் கார் தீப்பிடித்துக் கணவனும் கர்ப்பிணி மனைவியும் இறந்த பிறகு, பிற்பாடு மாட்டும் எந்தச் சாமானையும் கேரளத்தில் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். வண்டியின் அமைப்பைத் தயாரிப்பாளர் கொடுத்ததற்கு மாறாகத் திருத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன வழக்கிலேயே சொல்லியிருக்கிறது. ஃபேன் ஆர்.சி. புத்தகத்தில் ஏறுகிற விஷயம் இல்லை. ஆனாலும் வாரன்டி உள்ள வண்டியின் வயரை வெட்ட எந்த எலக்ட்ரீஷியனும் இப்போது துணிவதில்லை, அது சரியும்கூட. ரிலே வேலைக்கு வருபவை பெரும்பாலும் ஆசைக்கு வைத்திருக்கும் அம்பாசடர், பத்மினி, ஜீப்புகள்தான். 2014இல் அம்பாசடர் உற்பத்தி நின்றுவிட்டதால் இவை குறையுமே தவிரக் கூடப்போவதில்லை.

மின்சாரக் கார் வந்தால் இந்த வேலை முழுக்கப் போய்விடும் என்று நினைப்பவர்கள் வேகச் சார்ஜரில் நிற்கும் ஒரு வண்டியின் அருகே போய்ப் பார்க்கலாம். பேட்டரியைத் திரவத்தால் குளிர்விக்கிற வகைகளில், இன்ஜினே இல்லாத வண்டி, சாவியும் எடுத்தாகிவிட்டது, போனட்டுக்குள் ஃபேன் இரைந்துகொண்டிருக்கும். சார்ஜ் ஏறும்போது பேட்டரிக்குச் சூடு; அந்தச் சூட்டையும் ஒரு ரேடியேட்டர்தான் வெளியே தள்ளுகிறது. ஆரஞ்சு நிற வயர்கள் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுபவை, பயிற்சி பெறாதவர்கள் தொடக்கூடாது. ஃபேன் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் பக்கத்தில். அதற்கென்று தனி பேட்டரி, ஃபியூஸ், எர்த் எல்லாம் இருக்கின்றன.