வசைச் சொல்லாக மாறிய அறிவியல் சொல்

‘இடியட்’ என்ற சொல்லைக் கேட்டிராதவர் உங்களில் அநேகமாக யாரும் இருக்க மாட்டீர்கள். ஆங்கிலக் கதை படிப்பவர்களுக்கு ‘இம்பெசில்’, ‘மோரான்’ என்ற சொற்களும் தெரிந்திருக்கும். மூன்றுமே ‘முட்டாள்’ என்று ஏசப் பயன்படுபவை. ஆனால் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு இவை மருத்துவர்களும் உளவியல் அறிஞர்களும் தங்கள் அறிக்கைகளில் எழுதிய அறிவியல் சொற்கள்! அவற்றுள் ஒன்று எந்த ஆண்டில் உருவாக்கப்பட்டது என்பதுகூட நமக்குத் தெரியும். அந்தக் கதையைப் பார்ப்போமா?

பழைய பொருள்

‘இடியட்’ என்பதற்கு மூலம் ‘இடியோட்டெஸ்’ என்ற கிரேக்கச் சொல். ‘தன்னுடைய’ எனப் பொருள்படும் ‘இடியோஸ்’ என்பதிலிருந்து அது வந்தது. பொதுப் பதவி எதிலும் இல்லாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் தனி மனிதரை அது குறித்தது. நாளடைவில் தேர்ச்சியில்லாதவர், கல்லாதவர், அறிவில்லாதவர் என்று பொருள் படிப்படியாகச் சரிந்தது.

‘இம்பெசில்’ இலத்தீனிலிருந்து வந்தது. வலுவில்லாதவர் என்பதே அதன் பொருள். 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் இவ்விரு சொற்களையும் அறிவு வளர்ச்சிக் குறைவின் இரு நிலைகளுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள்.

பாரிசில் ஒரு சோதனை

1904இல் பிரெஞ்சு அரசு ஒரு குழுவை அமைத்தது. பாடங்களில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து, அவர்களுக்குத் தனிக் கவனம் அளிப்பது எப்படி என்று ஆராய்வது அதன் வேலை. இதற்காக ஆல்பிரெட் பினே என்ற உளவியல் அறிஞர், தியோடர் சிமோன் என்ற மருத்துவருடன் சேர்ந்து 1905இல் ஒரு சோதனையை உருவாக்கினார். சில எண்களைக் கேட்டுத் திரும்பச் சொல்வது, இரு கோடுகளில் நீளமானதைக் காட்டுவது, இரு எடைகளை ஒப்பிடுவது போன்ற எளிய வேலைகள் அதில் இருந்தன.

பின்னர் வேலைகளை வயதுவாரியாக வரிசைப்படுத்தினார்கள். 8 வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் செய்யக்கூடிய வேலைகள் வரையே ஒருவரால் செய்ய முடிந்தால், அவருடைய ‘மன வயது’ 8. உதவி தேவைப்படும் குழந்தையை அடையாளம் காண்பதே பினேயின் நோக்கம். அறிவுத்திறன் மாறாத அளவுடையது என்பதை அவர் ஏற்கவில்லை. பயிற்சியால் அதை வளர்க்கலாம் என்றே வாதாடினார்.

1910இல் பிறந்த சொல்

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தின் வைன்லேண்ட் பயிற்சிப் பள்ளியில் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் ஹென்றி கொடார்டு. பினேயின் சோதனையை அவர் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். ஆனால் பினேயின் எச்சரிக்கையைக் கொண்டுவரவில்லை. அறிவுக் குறைவு பரம்பரையாக வருவது, மாற்ற முடியாதது என்று அவர் நம்பினார்.

மன வயது 2 வரை இருந்தால் ‘இடியட்’. 3 முதல் 7 வரை ‘இம்பெசில்’. 8 முதல் 12 வரை உள்ளவர்களுக்குப் பெயர் இல்லை. பார்வைக்கு எல்லோரையும் போலவே இருக்கும் இவர்களுக்கென 1910இல் கொடார்டு ஒரு புதுச் சொல்லை முன்வைத்தார். மந்தமான, அறிவற்ற எனப் பொருள்படும் ‘மோரோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து ‘மோரான்’ பிறந்தது.

சொல் செய்த தீங்கு

1913இல் கொடார்டின் குழு நியூயார்க் துறைமுகத்தை ஒட்டிய எல்லிஸ் தீவில், கப்பலில் வந்து இறங்கிய ஏழைக் குடியேறிகள் சிலரைச் சோதித்தது. நீண்ட கடற்பயணத்தால் களைத்தவர்கள், ஆங்கிலம் அறியாதவர்கள். மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேள்விகள் கேட்கப்பட்டன. ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் அறிவுக் குறைவுள்ளவர்கள் என்று முடிவு வந்தது! சோதனை அளந்தது அறிவையா, களைப்பையா, மொழியையா? நீங்களே சொல்லுங்கள்.

இதைவிடக் கொடியது கேரி பக் என்ற இளம்பெண்ணின் கதை. வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு காப்பகத்தில் அடைக்கப்பட்ட அவருக்கு மன வயது 9 என்று கணக்கிட்டார்கள். அவருடைய தாயும் அறிவுக் குறைவுள்ளவர் என்றார்கள். ஒரு வயதுகூட நிரம்பாத மகள் விவியனும் அப்படித்தான் என்றார்கள். கேரிக்கு இனிக் குழந்தை பிறக்காதபடி அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்று 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்று தலைமுறை ‘இம்பெசில்’கள் போதும் என்று தீர்ப்பில் எழுதினார் நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். இத்தகைய சட்டங்களின் கீழ் அமெரிக்காவில் 60,000க்கும் மேற்பட்டோருக்கு அறுவை நடந்தது.

விவியன் என்ன ஆனாள்? பள்ளிக்குச் சென்றாள். 1931இல் நன்றாகப் படிப்பவர்களின் பட்டியலில் அவள் பெயர் இடம்பெற்றது. மறு ஆண்டே, 8 வயதில், நோயால் இறந்துபோனாள்.

1928இல் கொடார்டு தம் கருத்தை மாற்றிக்கொண்டார். ‘மோரான்’ என்று தாம் பெயரிட்டவர்கள் கல்வியால் முன்னேறக்கூடியவர்களே என்று ஒப்புக்கொண்டார். அதற்குள் அந்தச் சொல் ஆய்வகத்தை விட்டுத் தெருவுக்கு வந்துவிட்டது.

பெயரை மாற்றினால் போதுமா?

மூன்று சொற்களும் வசையாகிவிட்டதால் மருத்துவர்கள் அவற்றைக் கைவிட்டார்கள். அவற்றின் இடத்தில் ‘மென்ட்டல் ரிட்டார்டேஷன்’ என்ற பெயர் வந்தது. ‘ரிட்டார்ட்’ என்றால் தாமதப்படுத்துதல் என்றுதான் பொருள். ஆனால் சில பத்தாண்டுகளில் அதுவும் வசையாயிற்று. 2010இல் அமெரிக்கா ‘ரோசா சட்டம்’ மூலம் அதை மத்தியச் சட்டங்கள் பலவற்றிலிருந்து நீக்கி, ‘அறிவுத்திறன் குறைபாடு’ என்று பொருள்படும் பெயரை வைத்தது.

ஒரு பெயர் ஏன் இப்படி அழுக்காகிறது? குற்றம் எழுத்தில் இல்லை. ஒருவரை இழிவுபடுத்த வேண்டுமானால், சமூகம் ஏற்கெனவே தாழ்வாகக் கருதும் ஒரு கூட்டத்தோடு அவரை ஒப்பிட்டால் போதும். அந்தத் தாழ்வான எண்ணம் இருக்கும்வரை, எத்தனை புதுப் பெயர் வைத்தாலும் அது பழைய வழியிலேயே போகும். பெயரை மாற்றுவது தேவைதான். ஆனால் எண்ணமும் மாற வேண்டும்.

நண்பர்களே, இனி யாரையேனும், அல்லது உங்களையே, ஓர் எண்ணை வைத்து ‘மந்தம்’ என்று யாராவது சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். அளந்தது எதை? எந்த நிலையில் அளந்தார்கள்? நாளை மீண்டும் அளந்தால் இதே எண் வருமா? அளவுகோலைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.