சொம்புக்கு ஏன் வேர்க்கிறது?

கடல், சூரியன், மேகம், மலை, நடுவே நான்கு அம்புக்குறிகள். நீர் சுழற்சிப் படத்தைத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் அழகாக வரைந்துவிடுவார்கள். ஆனால், ‘கொடியில் காயப்போட்ட சட்டையில் இருந்த தண்ணீர் எங்கே போச்சு?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘வெயில் குடிச்சிடுச்சு’ என்று பதில் வரலாம்.

சிக்கல் நீராவியில் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. இட்லிப் பானையிலிருந்து எழும் வெண்புகைகூட நீராவி அல்ல. ஆவி குளிர்ந்து உருவான நுண்ணிய நீர்த்துளிகள். மேகமும் அப்படித்தான். இதைப் புரியவைக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. அடுப்படியும் மொட்டைமாடியும் போதும்.

ரோஸ்மில்க் சோதனை

சில்லென்ற ரோஸ்மில்க்கை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி வையுங்கள். சிறிது நேரத்தில் டம்ளரின் வெளிப்புறம் முத்து முத்தாக வேர்க்கும். ‘உள்ளே இருந்து கசியுது’ என்று குழந்தை சொன்னால் உடனே திருத்த வேண்டாம். வெள்ளைத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். துணியில் ரோஸ் நிறம் ஒட்டாது. அப்படியானால் அது காற்றிலிருந்து வந்த தண்ணீர்! இந்த முடிவுக்குக் குழந்தை தானாகவே வர வேண்டும்.

தட்டில் ஒரு உப்பளம்

அகலமான தட்டில் கொஞ்சம் உப்புத் தண்ணீரை ஊற்றி வெயிலில் வையுங்கள். நீர் கொதிக்காமலே ஆவியாகிவிடும். உப்பு மட்டும் தங்கும். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் நடப்பதும் இதுவே. கடல் கரிக்கும்போது மழைநீர் ஏன் கரிப்பதில்லை என்பதற்கும் இதிலேயே பதில் கிடைத்துவிடும்.

மறந்துபோன அம்புக்குறி

குழந்தைகள் வரையும் படத்தில் பெரும்பாலும் விடுபடுவது, மண்ணுக்குள் இறங்கும் அம்புக்குறி. ஒரு சொம்புத் தண்ணீரைச் சிமென்ட் தரையிலும், இன்னொரு சொம்பை மண்ணிலும் ஊற்றச் சொல்லுங்கள். ஒன்று ஓடிவிடும், மற்றது உள்ளே இறங்கும்.

இந்த வித்தியாசத்துக்கு ஒரு நகரம் எவ்வளவு விலை கொடுக்கும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய அதே ஊருக்கு, 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. இத்தனைக்கும் சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது.

நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்கு இதைக் கணக்காகவே கொடுக்கலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். 1,000 சதுர அடி மொட்டைமாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். அதில் ஓராண்டில் விழும் மழை சுமார் 1,30,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் பிடித்தால் பத்து லாரிக்கும் மேல்!

தமிழகத்தில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டது. ஆனால், குழாயில் சருகு அடைத்திருந்தால் தண்ணீர் தெருவுக்குத்தான் போகும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், மாடியிலிருந்து இறங்கும் குழாய் எங்கே போய் முடிகிறது என்று குழந்தைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அடைப்பு இருந்தால் பெரியவர்கள் எடுத்துவிடட்டும். முதல் மழையில், அந்தக் குழிக்குள் தண்ணீர் இறங்கும் சத்தத்தைக் கேட்ட குழந்தைக்குப் பாடத்தை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.