பழைய எஞ்சினும் புதிய எண்ணெயும்

பழைய மோட்டார் வண்டி வைத்திருக்கும் நம் பழைய மாணவர் இருவர் ஓரிடத்திற் சந்திப்பாராயின், கல்லூரிக் கிரிக்கெற் கதை முடிந்ததும் அடுத்து எழும் வினா, "நீர் என்ன ஒயில் விடுகிறீர்?" என்பதே. விடைகள் பல சொல்லப்படும். காரணம் சொல்லப்படுதல் அரிது. அக்காரணத்தையே ஈண்டு ஆராய எண்ணினோம். எடுத்துக்காட்டாக எம். ஜி. பி. என்னும் ஸ்போர்ட்ஸ் காரைக் கொள்வோம். இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட இவ்வண்டியின் எஞ்சின் 1798 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது, எளிய அமைப்பினது, உரியவாறு பேணினால் நெடுங்காலம் உழைப்பது.

எண்ணெயின் முதற் குணம் பிசுக்குமை. கிளிசரின் நிறைந்த கண்ணாடிக் குழாயில் உருக்குக் குண்டு மெல்ல மெல்ல இறங்குவதைக் கல்லூரி ஆய்வுகூடத்திற் கடிகாரத்துடன் பார்த்து நின்றோரெல்லாம் பிசுக்குமையை அளந்தவர்களே. எண்ணெய் சூடேறச் சூடேற இப்பிசுக்குமை குறையும். இதற்குத் தர எண்கள் வகுத்தவர் அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கத்தார். தொடங்கிய ஆண்டு 1911. தகரத்தில் 20 டபிள்யூ 50 என்றிருந்தால், முன்னெண் குளிர்காலத்திற்குரியது. பின்னெண் 100 சதமபாகை வெப்பத்திற்குரியது. முன்னெண்ணுக்கான பரிசோதனைகள் நீர் உறையும் நிலைக்கும் மிகக் கீழே நடப்பவை. நுவரெலியாவின் பனிக்காலையுங்கூட அந்நிலைக்கு அருகில் வருவதில்லை. யாழ்ப்பாணத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆகவே நாம் கருத்தூன்ற வேண்டியது பின்னெண்ணிலேயாம். 100 பாகையில் 30ஆம் தர எண்ணெயின் பிசுக்குமை 9.3 முதல் 12.5 சென்ரிஸ்ரோக் வரை. 50ஆம் தரத்தினது 16.3 முதல் 21.9 வரை. வேற்றுமை சிறிதன்று.

இவ்வெஞ்சினின் தாங்கிகளுக்கும் தண்டுக்கும் இடையேயுள்ள வெளி தடித்த எண்ணெயை எதிர்பார்த்தே விடப்பட்டது. வண்டி ஓடும்போது எண்ணெயமுக்கம் சதுர அங்குலத்திற்கு 50 முதல் 80 இறாத்தலாகவும், நின்று இயங்கும்போது 10 முதல் 25 ஆகவும் இருத்தல் இயல்பு. அரை நூற்றாண்டு தேய்ந்த எஞ்சினில் மெல்லிய எண்ணெயை ஊற்றினால் முள் கீழே இறங்கும். 1964ஆம் ஆண்டு வரை வந்த மூன்று தாங்கி எஞ்சின்களில் தண்டின் பின்முனையில் இரப்பர் அடைப்பு இல்லை. சுருள் வரி ஒன்றே எண்ணெயைத் திருப்பி அனுப்பும். அவ்வண்டி நிற்குமிடத்திற் சொட்டு எண்ணெய் கண்டு வீட்டார் முணுமுணுப்பது புதிதன்று.

எனினும் பிசுக்குமையிலும் பெரிய செய்தி ஒன்றுண்டு. காம் தண்டின் மேடு டப்பெற்றின் தட்டையான அடியிற் சறுக்கிச் செல்கிறது. தொடுமிடம் கோடு போன்று ஒடுங்கியது. தாங்கும் பாரமோ பெரிது. எண்ணெய்ப் படலம் அங்கே பிதுங்கி வெளியேறிவிடும். அவ்வேளை இரும்பை இரும்பு தின்னாமற் காப்பது, நாகமும் பொசுபரசும் கந்தகமும் சேர்ந்த ஒரு சேர்வை. அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் அது உலோகத்தின்மேல் மெல்லிய தோலாகப் படிகிறது, தேய்வது அத்தோலே. புதிய எஞ்சின்கள் பலவற்றில் சறுக்கும் அடிக்குப் பதிலாக உருளும் சில்லு உண்டு. அவற்றுக்கு இச்சேர்வை அத்துணை வேண்டியதில்லை. மேலும் பொசுபரசு புகைக்குழாயிலுள்ள ஊக்கியைக் கெடுக்கும். ஆதலால் 2004இல் வந்த எஸ். எம். என்னும் அமெரிக்கத் தரம், 5 டபிள்யூ 30 போன்ற மெல்லிய எண்ணெய்களில் பொசுபரசை நூற்றுக்கு 0.08 ஆக மட்டுப்படுத்தியது. புதிய காருக்கு அது நன்றே. விலை கூடியதும் புதியதுமே சிறந்தது என்னும் நம் வழக்கமான கணக்கு இங்கேதான் பிழைக்கிறது.

நண்பர் ஒருவர் தந்தையார் விட்டுச்சென்ற வண்டிக்கு அன்பு மிகுதியால் அத்தகைய எண்ணெயையே வாங்கி ஊற்றினார். ஓராண்டுக்குள் தட்டொலி எழுந்தது. திறந்து பார்க்கையில் காம் மேடு ஒன்று மழுங்கிக் கிடந்தது. எண்ணெய் ஒன்றே காரணம் என்று நாம் சத்தியஞ் செய்ய மாட்டோம். மாற்றுத் தண்டின் உலோகமும் தரங் குறைந்ததாயிருக்கலாம். ஆனால் இங்கிலாந்திலிருந்து வேறொன்று வரும்வரை வண்டி கொட்டிலிற் கிடந்தது என்பது மெய்.

எனவே கடையிற் கேட்க வேண்டியது பழைய எஞ்சினுக்கென்றே கலந்த 20 டபிள்யூ 50 எண்ணெய். நாகமும் பொசுபரசும் நூற்றுக்கு 0.1 அளவேனும் உள்ளதா என்று உற்பத்தியாளரின் விபரத்தாளிற் பார்த்துக்கொள்ளல் வேண்டும். குறைந்த எண்ணெயை வாங்கிவிட்டுச் சிறு போத்தல் மருந்தை மேலே ஊற்றுவதை நாம் விரும்புவதில்லை. கலவையின் சமநிலை அதனாற் கெடும். நெடுங்காலம் ஓடாதிருந்த எஞ்சினாயின் முதல் எண்ணெயைச் சில நூறு மைலிலேயே மாற்றுக. இன்றைய எண்ணெயின் கழுவுந் தன்மை பழைய கசடுகளைக் கிளப்பும். வடிகட்டியையும் உடன் மாற்றுக. பின்னர் மூவாயிரம் மைலுக்கொரு முறை, அன்றி ஓட்டம் குறைவாயின் ஆண்டுக்கொரு முறை போதும். மிகுந்த எண்ணெயை எறிய வேண்டாம். கியர்ப் பெட்டிக்கும் அதுவே ஆகும், எஸ். யூ. காபுரேற்றரின் மேற்குழாய்க்கும் சில துளி விடலாம். பின்னச்சுக்கு மாத்திரம் ஹைப்பொயிட் 90 வேறாக வாங்குக.