விலங்கு ஆய்வுகளின் மதிப்பை எவ்வாறு கணிப்பது?

மனித நோய்களுக்கு மருந்து காணும் பொருட்டு விலங்குகளின் மீது நடத்தப்படும் ஆய்வுகள் பயனுடையவையா என்னும் வினாவுக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. எந்த வினாவுக்கு எந்த விலங்கிடம் விடை தேடப்பட்டது என்பதைப் பொறுத்தே ஆய்வின் மதிப்பு அமைகின்றது. இளம்பிள்ளை வாதத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1908-இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனரும் எர்வின் பாப்பரும், இந்நோயால் இறந்த ஒரு சிறுவனின் தண்டுவடத் திசுவைக் குரங்குகளுக்குச் செலுத்தி, இது தொற்றுநோய் என்பதை மெய்ப்பித்தனர். இதில் விலங்கு ஆய்வு பெற்ற வெற்றி ஐயத்திற்கு இடமற்றது. அடுத்து நிகழ்ந்ததே சிந்திக்கத்தக்கது. நியூயார்க்கில் சைமன் பிளெக்ஸ்னர் குழுவினர் ரீசஸ் குரங்குகளைப் பயன்படுத்தினர். இவ்வினக் குரங்குகளுக்கு வாய்வழியே நோய் எளிதில் பற்றுவதில்லை. மூக்கின் வழியே பற்றுகின்றது. மேலும், ஒரு குரங்கின் நரம்புத் திசுவிலிருந்து மற்றொன்றுக்கு மீண்டும் மீண்டும் மாற்றப்பட்ட வைரஸ், நரம்புகளையே நாடும் இயல்பைப் பெற்றுவிட்டது. எனவே, மனிதருக்கும் மூக்கே நோயின் நுழைவாயில் என்ற கருத்து வேரூன்றியது.

குரங்குகளைக் காத்த துத்தநாக சல்பேட் கரைசல், 1937-இல் டொரண்டோ நகரில் சுமார் 5,000 குழந்தைகளின் மூக்கில் தெளிக்கப்பட்டது. நோய் தடுக்கப்படவில்லை, சில குழந்தைகள் மோப்ப உணர்வை இழந்ததே கண்ட பலன். 1941-இல் ஆல்பர்ட் சாபினும் ராபர்ட் வார்டும் இந்நோயால் இறந்த மனிதர்களின் உடல்களை ஆராய்ந்து, வைரஸ் குடலில் இருப்பதைக் காட்டிய பின்னரே பழைய கருத்து தளர்ந்தது. தவறு குரங்கினுடையது அன்று. ஓர் இனத்தின் விடையை உலகப் பொதுவிடையாகக் கொண்டவர்களுடையது.

ஆயினும் குரங்கின் பங்கு அத்துடன் முடியவில்லை. 1949-இல் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் ஆகியோர் இவ்வைரஸை நரம்பல்லாத மனிதத் திசுவில் வளர்த்துக் காட்டினர். பின்னர், தடுப்பு மருந்தைப் பேரளவில் தயாரிக்கக் குரங்கின் சிறுநீரக உயிரணுக்கள் பயன்பட்டன. இதற்கெனப் பெருந்தொகையான ரீசஸ் குரங்குகளை அனுப்பிய நாடு இந்தியா. இந்த ஏற்றுமதி 1978-இல் தடை செய்யப்பட்டது. அச்சிறுநீரகங்களில் மறைந்திருந்த எஸ்.வி.40 என்னும் வேறொரு வைரஸும் மருந்தில் கலந்திருந்தது 1960-இல் தெரியவந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

குரங்கு கூற இயலாத செய்தி மற்றொன்றும் உண்டு. மேலைநாடுகளில் போதுமானதாக இருந்த மூன்று தவணை வாய்வழி மருந்து இந்தியக் குழந்தைகள் பலருக்குப் போதவில்லை என்பதை, வேலூரில் டி. ஜேக்கப் ஜான் குழுவினர் 1970-களில் குழந்தைகளின் இரத்தத்தை ஆராய்ந்தே கண்டறிந்தனர். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்ட நோயாளியே இந்நாட்டில் இயற்கை வைரஸால் தாக்குண்ட கடைசி நோயாளி ஆவார். அதுவரை தவணைகளைப் பலமுறை திரும்பத் திரும்ப அளிக்க வேண்டியிருந்தது.

ஆகவே, விலங்கு ஆய்வறிக்கையைப் பரிசீலிக்கும் அலுவலர் சிலவற்றைக் கேட்டறிதல் வேண்டும். மனிதருக்கு நோய் வரும் வழியிலேயே விலங்குக்கும் வந்ததா? வேறு இனங்களிலும் அதே முடிவு கிட்டியதா? மருந்து பெற்ற விலங்கு எது, பெறாதது எது என்பதை அறியாதவர் முடிவுகளைக் கணித்தனரா? தோல்வியுற்ற சோதனைகளும் வெளியிடப்பட்டனவா? இவற்றுள் கடைசி வினாவே பெரும்பாலும் விடையின்றி நிற்கின்றது.

விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960 ஆய்வுகளின்போது விலங்குகள் தேவையற்ற துன்பத்துக்கு ஆளாகாமல் காக்க ஒரு குழு அமைக்க வழிசெய்கின்றது. புது மருந்து விதிகளில் 2023-இல் செய்யப்பட்ட திருத்தம், மனித உயிரணு வளர்ப்பு, கணிப்பொறி மாதிரி போன்ற முறைகளையும் ஏற்கின்றது. மேற்கூறிய வினாக்களுள் பெரும்பாலானவற்றை இம்முறைகளிடமும் கேட்க வேண்டியிருக்கும்.