பல்லை எண்ணவும் ஒரு படிப்பு!

பிச்சாவரம் என்றதும் சுரபுன்னைக் காடும் படகு சவாரியும்தான் நமக்கு ஞாபகம் வரும். நான் அந்தப் பக்கம் போனது வேறு காரியமாக. சிதம்பரத்தில் பல் டாக்டருக்குப் படிக்கும் பெண்கள் சிலர், அருகிலுள்ள மீனவர் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் குழந்தைகளின் பற்களைக் கணக்கெடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டு, "நானும் வரட்டுமா?" என்று ஒட்டிக்கொண்டேன். அண்ணாமலை பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவக் கல்லூரி 1980-ல் ஆரம்பமானது. இன்று அது அரசுக் கல்லூரி.

பள்ளித் தாழ்வாரத்தில், வெளிச்சம் முகத்தில் விழும்படி ஒரு நாற்காலி. ஒரு பெண் சின்னக் கண்ணாடியால் வாய்க்குள் பார்த்து, ஒவ்வொரு பல்லாகச் சொல்கிறாள். இன்னொருத்தி அதைத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொள்கிறாள். பால் பல்லுக்கு எழுத்து, நிலையான பல்லுக்கு எண். ஈறைப் பார்க்கும் கம்பியின் நுனியில் அரை மில்லிமீட்டர் உருண்டை. குத்தாமல் இருக்கத்தான்!

"அப்பவே பாத்தாச்சே அக்கா!"

பத்துக் குழந்தைகள் முடிந்ததும் ஒரு சிறுமியை மறுபடி கூப்பிட்டார்கள். "எனக்கு அப்பவே பாத்தாச்சே அக்கா!" என்று அவள் சிணுங்கினாள். எனக்கும் புரியவில்லை.

"முதல்ல பாத்தபோது சொத்தைன்னு எழுதினதை, ரெண்டாந்தரம் நல்ல பல்லுன்னு எழுதினா எங்க கணக்கை யார் நம்புவாங்க மேடம்? நூத்துக்கு எண்பத்தஞ்சாவது ஒத்துப் போகணும்" என்றாள் அந்தப் பெண்.

பல் முகாமுக்கும் ஆராய்ச்சிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். முகாமில் வலிக்கிறவர் வருவார், மருந்து வாங்கிக்கொண்டு போவார். ஆராய்ச்சியில் வலி இல்லாத குழந்தையையும் பார்க்க வேண்டும். எல்லோரையும் ஒரே முறையில் பார்க்க வேண்டும். சொத்தையானது, சொத்தையால் இழந்தது, அடைத்தது என்று மூன்றையும் கூட்டும் கணக்கு 1938-ல் அமெரிக்காவில் வந்தது. உலக சுகாதார நிறுவனம் 1971-ல் இதற்கென ஒரு கையேடே வெளியிட்டது. எந்த நாட்டிலும் ஐந்து வயதிலும் பன்னிரண்டு வயதிலும் பாருங்கள் என்கிறது அது. ஐந்தில் பால் பல்லின் கதை தெரியும். பன்னிரண்டில் கடைசிக் கடைவாய்ப் பல் தவிர மற்ற நிலையான பற்கள் அநேகமாக முளைத்திருக்கும்.

கேள்வி கேட்பதும் ஒரு வித்தை

மாலையில் வீடு வீடாகப் போனோம். "குழந்தைக்கு இனிப்பு குடுப்பீங்களாக்கா?" என்று கேட்டால், "சேச்சே, இல்லம்மா" என்றுதான் பதில். அந்தப் பெண் கேள்வியை மாற்றினாள். "நேத்து காலையில எழுந்ததிலிருந்து தம்பி என்னென்ன சாப்பிட்டான்? வரிசையா சொல்லுங்கக்கா."

திண்ணையில் இருந்த மாமியார் முந்திக்கொண்டார். "இவ விடியறதுக்கு முன்னே மீன் எடுக்கப் போயிடறா. புள்ள அழுதா டீயில வர்க்கி நனைச்சுக் குடுக்கறேன். ராத்திரி சர்க்கரை போட்ட புட்டிப் பால் இல்லாம தூங்க மாட்டான்."

மருமகள் முகம் வாடிவிட்டது. ஆனால் அந்தப் பெண் திட்டவில்லை. எழுதி முடித்துவிட்டு, "புட்டியில கொஞ்சம் கொஞ்சமா தண்ணி கலந்துக்கிட்டே வாங்க பாட்டி, பிறகு வெறும் தண்ணியா மாத்திடலாம்" என்றாள். வெளியே வந்ததும் என்னிடம், "இங்கே திட்டினா அடுத்த வீட்டிலே உண்மை வராது மேடம்" என்றாள்.

வெளிநாட்டுப் புத்தகத்தில் சோடாவும் சாக்லேட்டும் இருக்கும். விடியற்காலை மீன் எடுக்கப் போகும் தாயும் வர்க்கியும் இருக்குமா? நம் வீட்டுக் கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும்.

நம்மாலும் முடியும்

பல்லில் பழுப்புக் கறை இருந்தால், 'சரியாத் தேய்க்கலை' என்று அம்மாவைக் குறை சொல்வோம். தருமபுரி, சேலம் பக்கத்தில் நிலத்தடி நீரிலுள்ள அதிக ஃப்ளோரைடும் அதற்குக் காரணம். தண்ணீரைச் சோதித்திராவிட்டால் பழி அம்மா தலையில்தானே விழும்?

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 1996-ல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் வாய்ப் புற்றுநோய் ஆராய்ச்சி ஒன்று தொடங்கியது. சுமார் 1,90,000 பேர் அதில் இருந்தார்கள். டாக்டரல்லாத பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து, வாயைப் பார்த்தே கண்டுபிடிக்கச் சொன்னார்கள். முடிவு 2005-ல் வெளியாயிற்று. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே, பரிசோதனை நடந்த பகுதியில் வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது! பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. பழகிய கண்ணும் ஒழுங்கான கணக்கும்தான்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை

* முதல் பல் முளைத்ததுமே மென்மையான பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பியுங்கள். மூன்று வயது வரை ஃப்ளோரைடு பேஸ்ட் அரிசியளவு, ஆறு வயது வரை பட்டாணியளவு போதும்.

* ஏழு வயது வரையாவது ராத்திரி நீங்களே தேய்த்து விடுங்கள். அதன் பிறகு தண்ணீர் மட்டும்.

* பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்க விடாதீர்கள்.

* மாதம் ஒருமுறை மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு தெரிந்தால் சொத்தையின் ஆரம்பமாக இருக்கலாம். 'விழப்போற பல்தானே' என்று விடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

* கணக்கெடுக்க யாராவது வந்தால், எதற்கென்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சம்மதமானால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நீங்கள் மறைக்கும் ஒரு ஸ்பூன் சர்க்கரை, ஊர்க் கணக்கையே தப்பாக்கிவிடும்!