கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்பு ‘பீல்’ வேண்டாமே! முகத்தை உரிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

வெள்ளி, சனி வந்தால் கொங்கு வீடுகளில் எண்ணெய்க் குளியல் உண்டு. நல்லெண்ணெய் தேய்த்து ஊறியதும், அம்மிச்சி அரப்புத்தூளைக் குழைத்துத் தலைக்குத் தேய்ப்பார். முதுகுக்குப் பீர்க்கங்காய் நார். ‘எக்ஸ்ஃபோலியேஷன்’ என்ற வார்த்தை அன்று யாருக்கும் தெரியாது. ஆனால், தோலில் படிந்த இறந்த செல்களை நீக்கும் அதே வேலைதான் அங்கே நடந்தது.

இன்று அந்த வேலைக்கு ஸ்க்ரப், சீரம், பீல் என்று எத்தனையோ வந்துவிட்டன. கூடவே சிக்கல்களும். என் பெரியம்மா மகள், தன் ஆவணி முகூர்த்தத்துக்கு ஐந்து நாள் முன்பு ஒரு பார்லரில் ‘பீல்’ செய்துகொண்டார். தினமும் இரவில் பருவுக்காக அவர் ரெட்டினாய்டு க்ரீம் பூசி வந்ததை அங்கே யாரும் கேட்கவில்லை. அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் கன்னம் சிவந்து, எரிந்து, உரிந்தது. கல்யாண ஆல்பத்தில் மேக்கப் காப்பாற்றியது. ஆனால், கன்னத்தில் விழுந்த கறுப்புத் திட்டு மறைய மாதக்கணக்கில் ஆனது.

நம் தோலுக்கு ஏன் கூடுதல் கவனம்?

இளம் வயதில் மேல்தோல் ஏறக்குறைய நான்கு வாரங்களுக்கு ஒருமுறை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். வயது ஏற ஏற இது மெதுவாகும். நாம் செய்வது அதற்குச் சின்ன உதவி மட்டுமே. அழுத்தித் தேய்த்தாலோ, ஆசிட் அதிகமானாலோ தோலின் பாதுகாப்பு அரண் உடையும். மாநிறத் தோலில் எரிச்சலோ காயமோ ஏற்பட்டால் மெலனின் அதிகம் சுரந்து, அந்த இடம் கறுத்துவிடும். பளபளப்புக்காகச் செய்தது கரும்புள்ளியில் முடிவது இப்படித்தான்.

வீட்டில் செய்வதென்றால்...

* பாசிப்பயறு மாவை நைஸாக அரைத்து, சலித்து, தண்ணீரிலோ பாலிலோ குழைத்துப் பூசலாம். காய்ந்த பின் வறட்டு வறட்டென்று தேய்க்காமல், ஈரப்படுத்தி மென்மையாகக் கழுவுங்கள்.
* சர்க்கரை, கல்லுப்பு, காபித்தூள் முகத்துக்கு வேண்டாம். அவற்றின் கூர்மையான துகள்கள் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும்.
* எலுமிச்சைச் சாறு கடுமையான அமிலம். பூசிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளம்கூட வரலாம்.
* அரப்பில் இயற்கையாக நுரைக்கும் சபோனின் உள்ளது. தலைக்கும் உடம்புக்கும் சரி. கண்ணில் படக் கூடாது.
* பீர்க்கங்காய் நார் உடம்புக்கு மட்டும். ஈரத்தோடு பாத்ரூமில் தொங்கினால் கிருமி வளரும். வெயிலில் காயவைத்து, அடிக்கடி மாற்றுங்கள்.
* வறண்ட, சென்சிட்டிவ் சருமத்துக்கு வாரம் ஒருமுறை போதும். எண்ணெய்ப்பசை சருமத்துக்கு இரண்டு முறை. பழுத்த பரு, வெட்டுக்காயம், வெயிலில் கன்றிய இடம் ஆகியவற்றைத் தொடவே கூடாது.

சீரம் வாங்கும்போது...

கரும்பிலும் உள்ள கிளைகாலிக், புளித்த பாலில் உள்ள லாக்டிக் ஆகியவை ஏ.ஹெச்.ஏ வகை ஆசிட்கள். இவை மேல்தோலில் இறந்த செல்களை ஒட்டவைக்கும் பிடிப்பைத் தளர்த்தும். பி.ஹெச்.ஏ வகையான சாலிசிலிக் ஆசிட் எண்ணெயில் கரையும். அதனால் துவாரங்களுக்குள் இறங்கும். பரு உள்ளவர்களுக்கு ஏற்றது.

வீட்டு உபயோகத்துக்கு ஏ.ஹெச்.ஏ 10 சதவிகிதத்தைத் தாண்ட வேண்டாம். முழங்கையின் உள்பக்கம் தடவி, 48 மணி நேரம் பார்த்த பிறகு முகத்துக்குப் போங்கள். ஏ.ஹெச்.ஏ தோலை வெயிலுக்கு எளிதில் கன்ற வைக்கும். எனவே பயன்படுத்தும் நாட்களிலும், நிறுத்திய பின் ஒரு வாரமும் எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீன் கட்டாயம்.

‘பீல்’ திரவங்களை ஆன்லைனில் வாங்கி வீட்டில் பூசவே பூசாதீர்கள். தீவிரத் தீக்காயமும் தழும்பும் ஏற்படலாம் என்று, 2024-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ இதுகுறித்து எச்சரித்தது.

பீல் செய்யப் போகும் முன்...

கெமிக்கல் பீலை சரும மருத்துவரிடம் செய்துகொள்வதே பாதுகாப்பு. எந்த ஆசிட், எத்தனை சதவிகிதம், எரிச்சல் வந்தால் யாரைப் பார்ப்பது என்று தயங்காமல் கேளுங்கள். ரெட்டினாய்டு க்ரீம், ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை, அடிக்கடி வரும் உதட்டு அக்கி, கர்ப்பம் ஆகியவற்றை நீங்களே முன்வந்து சொல்லுங்கள்.

முகம் வெளுக்க ஏதாவது க்ரீம் பூசினால், அதையும் கையோடு எடுத்துப் போங்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். நாள்பட்ட ஸ்டீராய்டு பூச்சு தோலை மெலிய வைக்கும். அந்தத் தோலில் பீல் செய்வது ஆபத்து. தனியார் க்ளினிக் செலவு கட்டுப்படியாகாது என்பவர்கள், பருவுக்கும் கறுப்புத் திட்டுக்கும் கோவை அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவில் ஆலோசனை பெறலாம்.

முதல் பீலை விசேஷத்துக்கு இரண்டு, மூன்று மாதங்கள் முன்பே செய்து பாருங்கள். கடைசி பீலுக்கும் முகூர்த்தத்துக்கும் இடையே குறைந்தது மூன்று, நான்கு வாரமாவது இருக்கட்டும்.

போன மாதம் நாத்தனார் கல்யாணத்துக்கு என் அக்கா சொன்ன ஒரே அழகுக் குறிப்பு இது: “நல்லாத் தூங்கு கண்ணு. இந்த வாரம் மட்டும் மூஞ்சில புதுசா எதையும் பூசிப் பார்க்காதே!”