உஷார்! தத்தும் குஞ்சைத் தூக்காதீர்கள்

கள்ளக்குறிச்சிப் பக்கம் கோடை மழை இரண்டு விழுந்தாயிற்றா? கிளுவை வேலியோரம், முருங்கையடியில், கோமுகி அணைக்குப் போகும் பாதையில் தத்தித் தத்திப் போகும் குஞ்சு ஒன்று கண்ணில் படும். வால் மொட்டையாக இருக்கும், பறக்கத் தெரியாது. "ஐயோ பாவம், கூட்டிலேருந்து விழுந்துடுச்சு" என்று கை தன்னால் நீளும். நீட்டாதீர்கள்!

அது கொண்டைக்குருவிக் குஞ்சாக இருக்கலாம். புத்தகங்களில் இதற்குச் சின்னான் என்று பெயர். பெரிய குருவிக்குக் கறுத்த தலை, சின்னக் கொண்டை, செதில் செதிலாகப் பழுப்பு உடம்பு, வாலடியில் குங்குமம் அப்பியது போல் சிவப்பு. உண்ணிச்செடிப் பழத்துக்கு அடித்துக்கொள்ளும். வெள்ளிமலைப் பக்கம் ஏறினால் கன்னத்தில் சிவப்புப் பொட்டு வைத்த செம்மீசைச் சின்னானைப் பார்க்கலாம்.

கூடு உயரத்தில் இருக்காது. ஆள் உயரப் புதர், சில வீடுகளில் வாசல் பூந்தொட்டியே போதும். இரண்டு மூன்று முட்டை. பொரித்துப் பன்னிரண்டு நாள் வாக்கில், இறக்கை வலுக்கும் முன்பே குஞ்சு இறங்கிவிடும். விழவில்லை, இறங்கியிருக்கிறது! தாயும் தகப்பனும் பக்கத்துக் கிளையில்தான், வாயில் புழுவோடு. நீங்கள் நகர்ந்தால் வந்து ஊட்டும்.

வீட்டுக்குக் கொண்டுபோனால்? அட்டைப்பெட்டி, பழைய துணி, இங்க் ஃபில்லரில் பால். பறவைக்குப் பால் செரிக்காது. வாயில் ஊற்றும் தண்ணீர் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். விடிவதற்குள் விறைத்துப் போகும். சின்ன வயதில் நானும் ஒன்றை இப்படித்தான் கொன்றேன், பாசத்தோடு.

பிழைத்தால் கூண்டில் வளர்க்கலாம் என்ற நினைப்பும் வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட விழலாம். கூட்டையும் முட்டையையும் கலைப்பதே அந்தச் சட்டத்தில் வேட்டைதான். வேலி கழிக்கிறவர்கள் அரிவாள் ஓங்குமுன் புதருக்குள் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

இறகே முளைக்காத குஞ்சு கிடந்தால் மட்டும் எடுத்துக் கூட்டில் வையுங்கள். மனுஷ வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் கதை. இறகு முளைத்தது நடுப்பாதையில் நின்றால் பக்கத்துப் புதரில் ஏற்றிவிட்டு நகருங்கள்.

பிடித்தே ஆக வேண்டுமென்றால் உங்கள் வீட்டுப் பூனையைப் பிடித்து உள்ளே போடுங்கள்.